தலைசுற்றலுக்குப் பிசியோதெரபி: எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று பார்த்துவிட்டுத் தொடங்குவோம்

மலைப்பாதை (பிசியோதெரபிஸ்ட், ஏற்காடு):

வணக்கம். சேலத்திலும் மலையிலும் வேலை பார்க்கிற பிசியோக்கள், ஆடியாலஜிஸ்டுகள் (செவித்திறன் நிபுணர்கள்), செவிலியர்கள், வீட்டில் பெரியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இந்த இழையைத் தொடங்குகிறேன். "தலை சுத்துது" என்று ஒருவர் வந்தால் நம் பக்கத்தில் மூன்று பதில் தயாராக இருக்கும்: பித்தம், பிரஷர், கழுத்து எலும்புத் தேய்மானம். காதிலிருந்து வருகிற தலைசுற்றலில் முதலிடம் பிடிப்பது இந்த மூன்றுமே இல்லை. உள்காதில் இடம் மாறிய துகள்கள்தான். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ஒரு படுக்கையும் இரண்டு நிமிடமும் போதும்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் சுத்துது?" படுக்கும்போது, புரளும்போது, பரணில் இருந்து எதையோ எடுக்க நிமிரும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் துகள் என்று சந்தேகப்படலாம். இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை நீடித்து, காது அடைப்பும் இரைச்சலும் கூட வந்தால் மெனியர் என்கிற உள்காது நோயை நினைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இதே அளவு நேரம் சுற்றலாம். நாள் கணக்கில் ஓயாமல் சுற்றி, வாந்தியோடு படுத்துவிட்டால் சமநிலை நரம்பின் அழற்சி, அல்லது மூளையில் பக்கவாதம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வருவது ரத்த அழுத்தம் இறங்குவதால். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பதுதான் நம் துறையில் நடக்கிற பெரிய தவறு என்பேன்.

உள்காதில் யூட்ரிகிள் என்கிற பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ அவை உதிர்ந்து, பக்கத்திலுள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்களில் ஒன்றுக்குள் போய்விடும். பெரும்பாலும் பின்கால்வாய்தான், ஏனென்றால் நிமிர்ந்திருக்கும்போது அதுவே தாழ்வாக இருக்கிறது. தலையை அசைத்தால் துகள் உருளும், திரவம் நகரும், மூளைக்குத் தலை சுழல்வதாகப் பொய்ச் செய்தி போகும்.

சோதனை டிக்ஸ்-ஹால்பைக், 1952 முதல் இருக்கிறது. வலக் காதைப் பார்க்க: காலை நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அதே கோணத்தில் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலை படுக்கையின் மட்டத்துக்குக் கீழே 20 பாகை தொங்க வேண்டும். கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லுங்கள், பயத்தில் எல்லாரும் இறுக்கி மூடுவார்கள். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கண் மேல்நோக்கியும், தரைப்பக்கம் இருக்கிற காதை நோக்கிச் சுழன்றும் துடிக்கும். கூடிக் குறைந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அப்படி இருந்தால் வலப் பின்கால்வாய். பழுது இருக்காது என்று நினைக்கிற காதை முதலில் பாருங்கள், நோயாளிக்கும் கொஞ்சம் பழகும்.

குகை நர்ஸ்:

அண்ணா, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறப்ப பாதி வீட்டுல கட்டிலே இருக்காது, பாய்தான். தலையைத் தொங்கவிட விளிம்பு இல்லையே, எப்படிப் பண்றது? துகளைத் திரும்பப் பைக்குள்ள கொண்டுபோற எப்ளி முறையையும் ஒரு தடவை முழுசா எழுதுங்க, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

மலைப்பாதை:

பாயிலேயே தாராளமாகச் செய்யலாம், அக்கா. தலையணை தலைக்கு அடியில் இல்லை, தோள்பட்டைக்கு அடியில். படுத்தால் தோள் தலையணையில் இருக்க வேண்டும், பின்தலை அதைத் தாண்டிப் பாயைத் தொட வேண்டும். அப்போது 20 பாகை தானாகவே கிடைத்துவிடும். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், பாரம் பட்டதும் அமுங்கிக் கோணம் போய்விடும். ஒரு ஜமுக்காளத்தை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்துப் போட்டால் அசையாமல் நிற்கும். படுக்கும் முன் உட்கார்ந்த நிலையிலேயே இடத்தை அளந்துகொள்ளுங்கள். சட்டென்று சாய்ந்தபின் நகர்த்தினால் துகளும் நகர்ந்துவிடும்.

எப்ளி (அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இருந்த ஜான் எப்ளி 1992-இல் விரிவாக எழுதிய முறை), வலக் காதுக்கு: தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பிப் படுக்கவைக்கவும். சுற்றல் நின்றபின்னும் இன்னொரு 30 நொடி அப்படியே. பிறகு, தொங்கின தொங்கலை விடாமல், தலையை மட்டும் இடப்பக்கம் 90 பாகை திருப்பவும். முகம் இப்போது இடப்பக்கம் 45-இல் இருக்கும். 30 நொடி. அடுத்து உடம்பை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, தலையையும் கூடவே திருப்பி, மூக்கு தரையைப் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவரவும். மீண்டும் 30 நொடி, வாந்தி உணர்வு இருந்தால் ஒரு நிமிடம். கடைசியில் தாடையை மார்போடு ஒட்டியபடியே, காலைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் எழுந்து உட்கார வேண்டும்.

எழும் அந்தக் கணத்தில் இரண்டு தோளையும் பிடித்துக்கொள்ளுங்கள். துகள் பைக்குள் திரும்ப விழும்போது சிலருக்கு யாரோ முன்னால் பிடித்துத் தள்ளின மாதிரி இருக்கும், சுவரில் போய் இடித்துக்கொள்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு அனுப்பவும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் நல்லது. பக்கத்தில் ஒரு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

செவிவழி (ஆடியாலஜிஸ்ட், அஸ்தம்பட்டி):

மலைப்பாதை சார் எழுதியதோடு, எங்கே தவறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். "எப்ளி செய்தோம், கேட்கவில்லை" என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஒன்று, இரண்டாம் நிலைக்குத் திருப்பும்போது தலை மேலே வந்துவிடுகிறது. கழுத்து வலிக்கிறதே என்று நாமே பரிதாபப்பட்டுத் தூக்கிவிடுவோம். அந்த ஒரு தூக்கலில் கால்வாயின் சரிவு மாறி, துகள் வந்த வழியே திரும்பிவிடும். இன்னொன்று மூன்றாம் நிலை: உடம்பு திரும்பும், மூக்கு சுவரைத்தான் பார்க்கும், தரையைப் பார்க்காது. தலையணை முகத்தை மறிப்பதால் வருவது இது. மூன்றாவது அவசரம். ஐந்து நொடியில் அடுத்த நிலைக்குப் போனால் துகள் வளைவைத் தாண்டியிருக்காது. துகள் உருள நேரம் வேண்டும்.

இரண்டாம் நிலையில் கண்ணைக் கட்டாயம் பாருங்கள். முதல் நிலையில் துடித்த அதே திசையில் மறுபடி துடித்தால் துகள் சரியான வழியில் போகிறது, நல்ல சகுனம். திசை மாறித் துடித்தால் பின்னால் உருண்டிருக்கிறது, எழுப்பி முதலிலிருந்து செய்யுங்கள்.

முடித்ததும், உட்காரவைத்த இடைவெளி கழிந்தபின் மறுபடி டிக்ஸ்-ஹால்பைக். இன்னும் துடித்தால் அதே அமர்வில் இன்னொரு முறை செய்யலாம். ஒன்றிரண்டு முறையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

கன்னங்குறிச்சி மகள்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் சார்பில் இரண்டு சந்தேகம். எப்ளி செய்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும், கழுத்தில் காலர் போட வேண்டும் என்கிறார்களே, அவசியமா? செல்போன் வீடியோவைப் பார்த்து நாங்களே செய்யலாமா?

செவிவழி:

இரண்டு நாள் உட்கார்ந்து தூங்குவது பழைய வழக்கம், அம்மா. அதனால் கூடுதல் பலன் இல்லை என்று ஆகிவிட்டது. 2017-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றே சொல்கிறது. எழுபது வயதுக்காரரை நாற்காலியில் தூங்கவைத்தால் கால் வீங்கும், கழுத்து பிடிக்கும், அவ்வளவுதான் மிச்சம்.

காலர் அதைவிட மோசம். காதிலிருந்து தவறான செய்தி வரும்போது மூளை தன்னைத் திருத்திக்கொள்ள ஒரே வழி தலையை அசைப்பதுதான். காலர் அந்த வழியை அடைக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் ஐம்பது தாண்டிய யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் ஏதோ ஓர் அளவுக்குத் தெரியத்தான் செய்யும். அது தெரிவதாலேயே தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. காலர் மாட்டி மாதக் கணக்கில் இருப்பவர்களைக் கண்டால், முதலில் படுக்கவைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடியோ பார்த்துச் செய்வது: எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றால், மறுபடி வரும்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம், நன்றாகவே கேட்கும். முதல் முறை வேண்டாம். வீடியோக்களில் பாதி இடக் காதுக்கு, பாதி வலக் காதுக்கு. முன்கேமராவில் எடுத்ததென்றால் இடம் வலம் மாறியும் தெரியும். தவறான காதுக்குச் செய்தால் பயன் இருக்காது.

அரிசிப்பாளையம் பிசியோ:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எந்தக் காது என்று தெரியாத நிலையில், கண் துடிப்பு பார்க்கிற ஆள் பக்கத்தில் இல்லாத ஊர்களில், பிராண்ட்-டாராஃப் பயிற்சி போதுமே? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தை மேல்நோக்கி 45 பாகை திருப்பி ஒரு பக்கம் சாய்ந்து 30 நொடி, எழுந்து 30 நொடி, மறுபக்கம் 30 நொடி. ஐந்து சுற்று, நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். இரண்டு காதுக்கும் பொது. வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

மலைப்பாதை:

தம்பி, உங்கள் கவலை நியாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம், ஐந்து சுற்றுக்குப் பத்து, மூன்று வேளைக்கு அரை மணி. பதினான்கு நாளில் ஏழு மணி நேரம் ஒருவரை வாந்தி உணர்வோடு சாயவைக்கிறோம். எப்ளி ஐந்து நிமிட வேலை, பலனும் அதற்குத்தான் அதிகம். பிராண்ட்-டாராஃபை மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள், "எக்சர்சைஸ் பண்ணா ஜாஸ்தியாகுது" என்று முடிவு கட்டி, அதன்பின் எந்தப் பயிற்சிக்கும் வரமாட்டார்கள். அந்த நம்பிக்கை போவதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

எப்ளிக்குப் பிறகு லேசான தள்ளாட்டம் மிச்சமிருந்தால், அல்லது கழுத்தைத் தொங்கவிட முடியாதவர் என்றால் பிராண்ட்-டாராஃப் சரி. கழுத்தைத் தொங்கவிட முடியாதவர்களுக்குச் செமான் முறையும் இருக்கிறது: தலையை நல்ல காதுப் பக்கம் 45 பாகை திருப்பி, பழுதான காதுப் பக்கம் வேகமாகச் சாய்த்து ஒரு நிமிடம், தலையின் கோணம் மாறாமல் ஒரே வீச்சில் மறுபக்கம் சாய்த்து ஒரு நிமிடம், பிறகு மெதுவாக எழுப்புவது. அந்த வீச்சு ஒன்றரை நொடிக்குள் முடிய வேண்டும். நடுவில் உட்காரவைத்து மூச்சு வாங்கவிட்டால் செமான் இல்லை. முடக்குவாதத்தில் கழுத்து மூட்டு தளர்ந்தவர், சமீபத்தில் கழுத்து அறுவை செய்தவர், விழித்திரை பிரிந்தவர் ஆகியோரை மருத்துவரைக் கேட்காமல் எந்த முறையிலும் வேகமாகச் சாய்க்கக் கூடாது.

அரிசிப்பாளையம் பிசியோ:

ஏற்றுக்கொள்கிறேன், சார். ஏழு மணி நேரம் என்று கூட்டிப் பார்த்ததில்லை.

செவிவழி:

டிக்ஸ்-ஹால்பைக்கில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் படுக்கையில் புரண்டால் பயங்கரமாகச் சுற்றுகிறது என்பவர்களை அனுப்பிவிடாதீர்கள். அது கிடைக்கால்வாயாக (மூன்றில் படுக்கைவாட்டில் இருக்கிற கால்வாய்) இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை 30 பாகை தூக்கிவைத்து, ஒரு பக்கம் 90 திருப்பி ஒரு நிமிடம் பாருங்கள், நடுவுக்குக் கொண்டுவந்து மறுபக்கம் திருப்புங்கள். கண் படுக்கைவாட்டில் துடிக்கும். இரண்டு பக்கமும் தரையை நோக்கித் துடித்தால், எந்தப் பக்கம் கடுமையோ அதுதான் பழுதான காது. தரைக்கு எதிர்ப்புறமாகத் துடித்தால் கணக்கு தலைகீழ், மென்மையாகத் துடிக்கும் பக்கம்தான் பழுது. இந்த இரண்டாவது வகையைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

முதல் வகைக்குக் குஃபோனி முறை எளிது, பருமனானவர்களுக்கும் முடியும். உட்கார்ந்த நிலையிலிருந்து நல்ல காதுப் பக்கம் சட்டென்று சாய்ந்து ஒன்று முதல் இரண்டு நிமிடம், மூக்கைத் தரைநோக்கி 45 பாகை திருப்பி மீண்டும் அதே நேரம், எழுந்து உட்கார். அவ்வளவுதான். பின்கால்வாய்க்கு எப்ளி செய்தபின் துடிப்பின் முகமே மாறி, கிடைக்கால்வாய்த் துடிப்பாகிவிடுவதும் உண்டு. துகள் பக்கத்துக் கால்வாய்க்குள் நழுவியிருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டாம், இதே குஃபோனியைச் செய்தால் போதும்.

அவசரப்பிரிவு டாக்டர், சேலம்:

இழை நல்ல திசையில் போகிறது. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதை நடுவில் எழுதியே ஆக வேண்டும். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்: பேச்சு குழறுவது, இரட்டையாகத் தெரிவது, முகமோ கை காலோ மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, தண்ணீர் விழுங்கும்போது புரை ஏறுவது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சரிவது, இதுவரை வந்திராத கடும் தலைவலி அல்லது பின்கழுத்து வலி. சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் கை கால் விழாமல், தலைசுற்றலும் தள்ளாட்டமும் மட்டுமே தெரிவதும் உண்டு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான். மலையிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வரவே எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். "விடிஞ்சதும் போகலாம்" என்று காத்திருக்கக் கூடாது.

ஓயாமல் சுற்றுகிறவரின் தலையை லேசாகப் பிடித்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, சட்டென்று சிறிதளவு திருப்புவதுதான் தலை உந்தல் சோதனை. கண் பின்தங்கி, ஒரு தாவலில் உங்கள் மூக்குக்குத் திரும்பினால் அந்தப் பக்கத்துக் காது நரம்பில் பழுது. கண் அசங்காமல் உங்கள் மூக்கிலேயே நின்றால், கேட்க நல்லதாகத் தோன்றும், ஆனால் அதுதான் மூளையைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம். பழகியவர் கையில்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. வந்து வந்து போகும் துகள் சுற்றலில் இதைச் செய்து முடிவெடுக்கக் கூடாது.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்க் கூடவே சுற்றினால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர். "சளி அடைச்சிருக்கும்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரம் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

அரிசிப்பாளையம் பிசியோ:

டாக்டர் சொன்னதெல்லாம் இல்லை, நரம்பு அழற்சிதான் என்று உறுதியாகிவிட்டால், அங்கேதான் உண்மையான பிசியோ வேலை. துகளை இடம் மாற்றுவது ஒரு நாள் வேலை, இது ஆறு வாரம்.

அடிப்படைப் பயிற்சி பார்வை நிலைநிறுத்தல். ஒரு வெள்ளை அட்டையில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 'அ' எழுதுங்கள். கை நீட்டும் தூரத்தில், கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடம் வலமாக 20 முதல் 30 பாகை அசைக்க வேண்டும். ஒரு நிமிடம். ஓய்வு. மேல் கீழாக ஒரு நிமிடம். எழுத்து கலங்காமல் இருக்கிற உச்ச வேகம்தான் உங்கள் வேகம். கலங்கிய பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் கண்ணுக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. எழுத்து கலங்காத அளவுக்கு ரொம்ப மெதுவாக ஆட்டினாலும் பயனில்லை, திருத்துவதற்குத் தவறே இருக்காது. கலங்கும் விளிம்பில்தான் நிற்க வேண்டும்.

அளவு: நோய் புதிது என்றால் நாளுக்குக் குறைந்தது மூன்று வேளை, மொத்தம் 12 நிமிடத்துக்குக் குறையாமல். மூன்று மாதம் தாண்டியது என்றால் மொத்தம் 20 நிமிடம், நான்கு முதல் ஆறு வாரம். அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் 2022 வழிகாட்டுதலில் இருக்கிற அளவு இது. "காலையில ஒரு தடவை பண்ணிட்டேன்" என்பது கணக்கில் வராது. சீராகத் தட்டு ஒலிக்கிற மெட்ரோனோம் செயலியில் முதல் வாரம் நிமிடத்துக்கு 60 தட்டு, பிறகு 80, 100 என்று ஏற்றி 120 வந்தால் நொடிக்கு இரண்டு சுழற்சி, அதுவே இலக்கு.

மலைப்பாதை:

ஒரு திருத்தம், தம்பி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம் என்றால் 120 தட்டு என்பது நொடிக்கு ஒரு முழுச் சுழற்சிதான். இடம் போய் வலம் வந்தால்தான் ஒரு சுழற்சி. நொடிக்கு இரண்டு வேண்டுமென்றால் 240 தட்டு. அல்லது 120-இலேயே, தலை வலப்பக்கம் வரும்போது மட்டும் ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பாதி வேகத்தில் செய்துவிட்டு "முடித்துவிட்டேன்" என்பார்கள்.

அரிசிப்பாளையம் பிசியோ:

சரிதான், எழுதும்போது தவறிவிட்டது. நன்றி சார்.

கண்ணாடி விஷயமும் சொல்லிவிடுகிறேன். இரட்டை லென்ஸ் போட்டவர்கள் மேல் கீழாக அசைக்கும்போது கோடு குறுக்கே வந்து எழுத்து துள்ளும். அது காதின் கோளாறு இல்லை. தூரப் பார்வைக்கு மட்டுமான பழைய கண்ணாடி இருந்தால் அதைப் போட்டு, அட்டையைக் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். தோளையும் சேர்த்து ஆட்டுகிறார்களா என்றும் பாருங்கள், அப்படியானால் தலை அசையவே இல்லை என்று அர்த்தம்.

பயிற்சியில் சுற்றல் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தொடங்கும்போது இருந்ததைவிட இரண்டு மூன்று புள்ளி கூடி, 15 முதல் 20 நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. அன்று முழுக்க அடங்கவில்லை என்றால் நிமிடத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். எளிதாகிவிட்டதென்றால் உட்கார்ந்ததை நின்று, அடுத்து கால் சேர்த்து நின்று, அடுத்து நடந்தபடி. பிறகு அட்டைக்குப் பின்னால் கட்டம் போட்ட லுங்கியைத் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவரில் சுலபமாக இருந்தது கட்டத்தின் முன்னால் மறுபடி கடினமாகும். அதற்குப் பழகினவர்தான் கடைவீதிக்குப் போக முடியும்.

கன்னங்குறிச்சி மகள்:

மெடிக்கலில் கொடுக்கும் தலைசுற்றல் மாத்திரையைப் பல பேர் மாதக் கணக்கில் போடுகிறார்கள். அதைச் சாப்பிட்டபடியே இந்தப் பயிற்சி செய்யலாமா?

அவசரப்பிரிவு டாக்டர், சேலம்:

நல்ல கேள்வி. ப்ரோகுளோர்பெராசின், சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் இவை சமநிலைச் செய்தியையே அமுக்குபவை. வாந்தி நிற்காத முதல் இரண்டு மூன்று நாளைக்கு அவசியம், அதற்குமேல் தொடர்ந்தால் மூளை பழகுவதைத் தாமதப்படுத்தும். முதியவர்களுக்கு ப்ரோகுளோர்பெராசினையும் சின்னரிசினையும் நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கம், நடை இறுக்கம் என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரலாம். பீட்டாஹிஸ்டின் அந்த வகை இல்லை. ஆனால் துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது. தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள்.

நிற்கும்போது மட்டும் கிறுகிறுப்பு என்றால்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள், நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் பிரச்சினை காதில் இல்லை. பிரஷர் மாத்திரையின் அளவை, நீர் பிரியும் மாத்திரையை, உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

தறிக்குழி (சமூக நலப் பணியாளர், அம்மாபேட்டை):

தொழிலோடு சேர்த்து யோசிக்க வேண்டியது இருக்குதுங்க. குழித்தறியில உட்கார்ந்து எழுறவங்க, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில நாள் முழுக்கக் குனிஞ்சு பத்து வைக்கிறவங்க (உருக்கி ஒட்டவைக்கிறவங்க), இவங்களுக்கு எப்ப வேலைக்குத் திரும்பலாம்னு என்ன சொல்றது? இன்னொன்னு, சில பேருக்குச் சுத்தவே சுத்தாது, ஆனா இருட்டுல நடக்க முடியல, நடந்தா கடை போர்டெல்லாம் குதிக்குதுன்னு சொல்றாங்க.

மலைப்பாதை:

முதலில் இரண்டாவது. சுற்றல் இல்லாமல் இருட்டில் தள்ளாட்டம், நடந்தால் பார்வை குதிப்பது என்றால் இரண்டு காதும் சேர்ந்து பழுதாகியிருக்கலாம். ஜென்டாமைசின் ஊசி நாள் கணக்கில் போட்டார்களா, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டார்களா என்று கேளுங்கள். இவர்களுக்கும் பார்வை நிலைநிறுத்தல் உண்டு, ஆனால் நாளுக்கு 20 முதல் 40 நிமிடம் வரை, பலனும் மெதுவாகத்தான் வரும். இரவில் கழிப்பறை போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கிணற்றிலும் ஏரியிலும் இறங்கவே கூடாது. தண்ணீருக்கடியில் மேல் எது கீழ் எது என்று சொல்ல அவர்களுக்குக் காது இல்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்தவரும் அடியை நோக்கி நீந்திவிடுவார்.

வேலைக்குத் திரும்புவது: துகள் என்றால் டிக்ஸ்-ஹால்பைக் சுத்தமாகிவிட்ட மறுநாளே தறியில் உட்காரலாம். குனிந்து நிமிர்வதைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் கழுத்தை இறுக்கி வைத்துப் பழகிவிடுவார்கள். கேஸ் டார்ச் பிடிக்கிறவர், மலையில் மிளகு பறிக்க மூங்கில் ஏணி ஏறுகிறவர், சில்வர் ஓக் கிளை கழிக்கிறவர் இவர்களுக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து மறுசோதனையிலும் சுத்தமாக இருந்தால்தான் அனுமதி. ஏணியில் தலையை அண்ணாந்து பார்ப்பது பின்கால்வாய்க்கு நேரடி அழைப்பு.

நிற்கும் சமநிலைக்கு: சுவர் மூலையில் முதுகு காட்டி நிற்க, முன்னால் நாற்காலி. கால் சேர்த்து 30 நொடி, அதுவே கண் மூடி, பிறகு ஒரு பாதத்தின் முன் இன்னொன்று. கடைசியில் நான்கு அங்குல ஃபோம் மேல் கண் மூடி. ஃபோம் மேல் கண் மூடினால் காதைத் தவிர வேறு துணை இல்லை, அதனால் அதுதான் உண்மையான பயிற்சி. தனியாகச் செய்யவிடாதீர்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதோடு சரிவில் இறங்கும் பயிற்சியும் வேண்டும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். முதலில் கைப்பிடியுள்ள படி, பிறகு மண் சரிவு, பிறகு தலையை இரண்டு பக்கமும் திருப்பியபடி. பிசியோவிடம் வர முடியாத முதியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

குகை நர்ஸ்:

மலைக்காரங்க கீழ வந்து எப்ளி பண்ணிட்டு அன்னைக்கே 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறாங்களே அண்ணா, துகள் மறுபடி வெளிய வந்துராதா?

மலைப்பாதை:

வளைவால் வராது, அக்கா. பஸ் திரும்பும்போது தலை நிமிர்ந்துதான் இருக்கிறது, துகளைக் கால்வாய்க்குள் தள்ள அது போதாது. மலைப்பாதையில் வருவது பயணக் குமட்டல், அது கண்ணும் காதும் வேறு வேறு செய்தி சொல்வதால் வருவது. முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம். தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

செவிவழி:

கடைசியாக, "மறுபடி வருமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். வரும், பலருக்குச் சில ஆண்டுகளில் திரும்ப வருகிறது. அதை முதல் நாளே சொல்லிவிட்டால் அன்று பயப்படமாட்டார்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். 2020-இல் வெளியான கொரிய ஆய்வில், ரத்தத்தில் அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை 400 யூனிட் வைட்டமின் டி-யும் 500 மில்லிகிராம் கால்சியமும் ஓர் ஆண்டு கொடுத்ததில் மறுவரவு குறைந்தது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

அனுப்பும்போது ஒரு தாளில் மூன்று சொல் எழுதிக் கொடுங்கள்: எந்தக் காது, எந்தக் கால்வாய், எந்த முறை. "வலது, பின்கால்வாய், எப்ளி" என்று. அடுத்த முறை சுற்றும்போது அவர் யாரிடம் போனாலும் அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். ஆனால் தாளில் எழுதியிருக்கிறதே என்று சோதனையை விட்டுவிடாதீர்கள், மறுமுறை மற்றக் காதிலும் வரலாம்.

குகை நர்ஸ்:

சரிங்க. நாளைக்கே நோட்டுல அந்த மூணுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுடறேன்.